இப்போதைய பாட்டுல குறையுறது குரலா, குரல் நடமாடுற இடமா? – பெங்களூரு இசை ரசிகர்கள் இழை

அல்சூர் ரசிகன்

"இப்ப பாடுறவங்களுக்குக் குரலே இல்ல, எல்லாம் ஆட்டோட்யூன்." பாட்டைப் பத்திப் பேச்செடுத்தா ரெண்டாவது நிமிஷமே இது வந்துடுது. இதை மறுத்துப் பேசத்தான் இந்த இழை.

ஆட்டோட்யூன்னு சொல்றது தப்பின சுருதியைத் தானா திருத்துற மென்பொருள், சந்தைக்கு வந்தது 1997ல. அமெரிக்கப் பாடகி ஷேர் அதை மறைக்காம, அதோட உலோகச் சத்தத்தையே அழகா வெச்சுப் பாடினது 1998ல. அந்த வருஷம் பிறந்தவங்க இன்னைக்கு வேலைக்குப் போய் வீட்டு வாடகை கட்டிக்கிட்டு இருக்காங்க. இவ்வளவு நாள் புழங்குற கருவி, நல்ல பாட்டுலயும் இருக்கு, மோசமான பாட்டுலயும் இருக்கு. அப்ப பழியை அது மேல மட்டும் போட்டா எப்படி?

என் கட்சி இதுதான்: குறைஞ்சது குரல் இல்ல, குரல் நடமாடுறதுக்கான இடம். நாலு பக்கத்துல இருந்து அந்த இடத்தை அடைச்சிருக்காங்க. பாட்டோட நீளம், சுருதித் திருத்தம், சத்தத்தை அமுக்குறது, மேடையில கம்ப்யூட்டரோட கட்டுப்பாடு. தமிழ், இந்தி, கொரியா, அமெரிக்கா எதுவா இருந்தாலும் சரி, தெரிஞ்சவங்க விவரத்தோட பேசுங்க. "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போக வேண்டாம்.

ரெண்டாம் சரணம்

நீளத்துல இருந்து ஆரம்பிக்கிறேன், என் பேரே அதுதானே.

நம்ம சினிமாப் பாட்டோட பழைய கட்டுமானம் எல்லாருக்கும் தெரியும். முன்னிசை, பல்லவி, முதல் பிஜிஎம், முதல் சரணம், ரெண்டாவது பிஜிஎம், ரெண்டாவது சரணம், பல்லவிக்குத் திரும்பி முடிவு. நாலரை அஞ்சு நிமிஷம் இல்லாம இது நடக்காது. இப்ப வர்ற பாட்டுல பத்து செகண்டுக்குள்ள ஹூக் (மனசுல ஒட்டிக்கிற வரி) வந்துடணும். அப்புறம் ஒரு சரணம், ஹூக், டான்ஸுக்கு ஒரு பீட், திரும்ப ஹூக். மூணு நிமிஷத்துல கடை மூடியாச்சு.

காரணம் ரசனை மட்டும் இல்ல, கணக்கு. ஸ்பாட்டிஃபைல 30 செகண்டு ஓடினாத்தான் ஒரு பாட்டைக் கேட்டதா கணக்கு வைக்கிறாங்க. அதைத் தாண்டிட்டா 2 நிமிஷப் பாட்டுக்கும் 6 நிமிஷப் பாட்டுக்கும் அதே ஒரு கேட்புதான். அப்ப ஆறு நிமிஷத்துக்கு ஆர்கெஸ்ட்ரா கூப்பிட்டு, சரணத்துக்குச் சரணம் பிஜிஎம் மாத்தி எழுத யார் செலவு பண்ணுவாங்க? முதல் 30 செகண்டுல ஆள் ஓடிடக்கூடாதுன்னு முன்னிசையையும் வெட்டியாச்சு. 2020 ஜூன் கடைசியில இந்தியாவுல டிக்டாக்கைத் தடை பண்ணாங்க, அடுத்த மாசமே ரீல்ஸ் வந்துது. அதுக்கப்புறம் ஒரு பாட்டை மெட்டுப் போடும்போதே "இதுல ரீல்ஸ் துண்டு எது?"ன்னு கேட்குற பழக்கம் நிலைச்சுடுச்சு.

ரெண்டாவது சரணம் போனதுல என்ன நஷ்டம்? முதல் சரணத்துல மெட்டு நமக்குப் புதுசு. பாடகர் அதை நேரா சொன்னாப் போதும். அதே மெட்டு ரெண்டாவது தடவை வரும்போது நமக்கு அது பழகியிருக்கும். அப்பத்தான் பாடகர் ஒரு சங்கதியை (மெட்டுல போடுற சின்ன நெளிவை) மாத்திப் போட்டா நமக்கு உறைக்கும், ஒரு வரியைக் கொஞ்சம் தாமதமா எடுத்தா சிலிர்க்கும். பாடுறவர் யாருன்னு தெரியுற இடமே அதுதான். அந்த அறையையே இடிச்சுட்டு "பாடகருக்குத் தனித்தன்மை இல்ல"ன்னு சொல்றது நியாயமே இல்ல.

சோதிச்சுப் பார்க்க வழி சொல்றேன். போன்ல ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டு மூணு விஷயம் குறிச்சுக்கோங்க. ஹூக் முதல்ல வர்ற நேரம், மொத்தம் எத்தனை தடவை வருது, ஒரே ஒரு தடவை மட்டும் வந்துட்டுத் திரும்பி வராத இசை எத்தனை செகண்டு. மூணாவது எண்தான் முக்கியம். பழைய பாட்டுல ரெண்டு பிஜிஎம்மும் திரும்பி வராது, அதுவே ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட வரும். இப்ப ஹிட் ஆகுற நிறைய பாட்டுல அந்த எண் 20 செகண்டைத் தாண்டுறதில்ல.

கீபோர்டு கோரமங்கலா

அண்ணா, குட்டிப் பாட்டுன்னாலே குறைன்னு எடுத்துக்க வேண்டாமே. 78 சுற்று இசைத்தட்டு 10 அங்குலத்துல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் பிடிக்கும். அந்த மூணு நிமிஷத்துல ஆலாபனை காட்டி, கீர்த்தனையும் பாடி, ராகத்தோட முகத்தை நிறுத்தின வித்வான்கள் நம்மகிட்ட இருந்தாங்க. வெளிநாட்டுல லில் நாஸ் எக்ஸ்ங்கிற ரேப்பர் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டோட 2019ல அமெரிக்கப் பட்டியல்ல 19 வாரம் முதலிடத்துல உட்கார்ந்தார். அந்தப் பாட்டோட முதல் வடிவம் 2 நிமிஷம்கூட இல்ல. ஆனா அதுல பாஞ்சோ சத்தமும் ஹிப் ஹாப் தாளமும் சேர்ந்தது அப்ப யாரும் எதிர்பார்க்காத சேர்க்கை. நீளம் குறைஞ்சதுல தப்பில்ல. குறைஞ்ச நீளத்தையும் ஒரே ஹூக்கால நிரப்புறதுதான் தப்பு.

ரெண்டாம் சரணம்

ஒத்துக்கறேன் தம்பி. அதனாலதான் மூணாவது எண்ணைப் பாருங்கன்னு சொன்னேன், மொத்த நீளத்தைச் சொல்லல.

மிக்ஸ் மேசை

சுருதித் திருத்தம் பத்தி நான் எழுதுறேன். ஸ்டுடியோ வேலை தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லப் பார்க்குறேன்.

ஆட்டோட்யூன்ல முக்கியமான திருகு ரெண்டு. ஒண்ணு ஸ்கேல், எந்தெந்த ஸ்வரத்துல நிக்கலாம்னு சொல்றது. இன்னொண்ணு ரீட்யூன் ஸ்பீடு, தப்பின குரலை எவ்வளவு வேகமா அந்த ஸ்வரத்துக்கு இழுக்கணும்னு சொல்றது. அது மில்லிசெகண்டுல இருக்கும். 0 வெச்சா குரல் ஸ்வரத்துக்கு ஸ்வரம் குதிக்கும், ரோபோ மாதிரி கேட்கும். 20ல இருந்து 50 வரை வெச்சா சாதாரண பாப் குரல்ல திருத்தினதே தெரியாது. அதுக்கு மேல போனா நீட்டிப் பிடிக்கிற ஸ்வரத்தை மட்டும் மெதுவா சரி பண்ணும்.

மேற்கத்திய பாப் மெட்டு பெரும்பாலும் நிக்கிற ஸ்வரங்களால ஆனது, அதனால இது அங்க பொருந்திப் போகுது. நம்ம குரல் நிக்கிறதே இல்ல. தோடி ராகத்தோட காந்தாரத்தை (க ஸ்வரத்தை) எடுத்துக்கோங்க. அது ஒரு இடத்துல நிக்காது, கீழ இருக்கிற ரிஷபத்துப் பக்கத்துல இருந்து மேல இருக்கிற மத்யமத்துப் பக்கம் வரை ஆடிக்கிட்டே இருக்கும். நடுத்தர காலத்துல ஒரு ஆட்டத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிசெகண்டு. அதுல ரீட்யூன் ஸ்பீடு 0 வெச்சு, பன்னிரண்டு ஸ்வரமும் திறந்த ஸ்கேல் போட்டா, வழுக்கிப் போற வளைவு படிக்கட்டா மாறிடும். காந்தாரத்துல மட்டும் நில்லுன்னு ஸ்கேல் போட்டா ஆட்டமே செத்துப்போய் நேர்க்கோடாயிடும். 30 வெச்சாலும் தப்பிக்க முடியாது. ஆட்டத்துல பாதிதான் 100 மில்லிசெகண்டு, அதுக்குள்ள கருவி இழுத்து முடிச்சிருக்கும், மேலயும் கீழயும் போற உயரம் குறைஞ்சிருக்கும். கேட்குறவங்க "என்னமோ உயிரில்ல"ன்னு சொல்வாங்க. எங்க போச்சுன்னு தெரியாது. போனது இங்கதான்.

வீணை வகுப்பு

இன்னொரு நுட்பத்தையும் சேர்க்க விரும்புகிறேன். கருவி இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிற இடமே நம் காதுக்குரிய இடம் அன்று. தம்புராவோடு சேர்ந்து பாடும்போது அந்தர காந்தாரம் (மேல் 'க') ஷட்ஜத்திலிருந்து ('ஸ') 386 சென்ட் உயரத்தில் அமைகிறது; ஓர் அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். கீபோர்டில் அதே ஸ்வரம் 400 சென்ட். அதாவது 14 சென்ட் கூடுதல். காகலி நிஷாதத்தில் (மேல் 'நி') 12 சென்ட் வேறுபாடு. பஞ்சமத்தில் மட்டும் 2 சென்ட்தான், அதை யாராலும் உணர முடியாது. சுருதி சுத்தமாகப் பாடுகிற ஒருவர் தம்புராவுக்குச் சேர்ந்து காந்தாரத்தைப் பிடித்தால், மென்பொருள் அதைப் "பிசகு" என்று கணக்கிட்டு மேலே தள்ளும். சரியாகப் பாடியதைத் தவறாக்குகிற திருத்தம் அது. கீபோர்டு, கிட்டார் கார்டுகளோடு பாடும்போது 400தான் பொருந்தும் என்பதும் உண்மை. ஆகவே பின்னணியில் என்ன ஒலிக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேட்கிறேன்: கமகத்தை, அதாவது அந்த ஸ்வர ஆட்டத்தை, கெடுக்காமல் சுருதியை மட்டும் சரிசெய்ய வழியே இல்லையா?

மிக்ஸ் மேசை

இருக்கு மேடம், நேரம்தான் பிடிக்கும். தானா இழுக்கிற கருவியை ஓரம் வெச்சுட்டு மெலடைன் மாதிரி கையால திருத்துற மென்பொருளுக்குப் போகணும். அது குரலை ஸ்வரம் ஸ்வரமா துண்டு போட்டுக் காட்டும். முதல் சிக்கல் அங்கயே வரும். கமகத்தை ஒரே ஸ்வரமாப் பார்க்காம நாலஞ்சு துண்டா வெட்டி வெச்சிருக்கும். அந்த வெட்டுகளை நீக்கி ஒரே துண்டாச் சேர்க்கணும். அப்புறம் அந்தத் துண்டோட மையத்தை மட்டும் ஏத்தவோ இறக்கவோ செய்யலாம். உள்ள இருக்கிற ஆட்டத்தைக் கட்டுப்படுத்துற பிட்ச் மாடுலேஷனைத் தொடவே கூடாது, 100 சதவீதத்துலயே விட்டுடணும். நீட்டிப் பிடிச்ச ஸ்வரம் கடைசியில இறங்கிப் போனா டிரிஃப்ட்டை மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். பிருகா (வேகமா உருளுற ஸ்வரக் கொத்து) வர்ற இடத்தைத் தொடாம விடுறது உத்தமம். அது தப்பியிருந்தா அந்த வரியை மட்டும் பஞ்ச் பண்ணித் திரும்பப் பாட வைக்கணும்.

ஒரு முழுப் பாட்டுக்கு இதைச் செய்ய ஒருநாள் வேலை ஆகும். தானா இழுக்குற கருவிக்கு அஞ்சு நிமிஷம். எது நடக்கும்னு உங்களுக்கே தெரியும்.

திருத்தினதைக் காதால கண்டுபிடிக்கணும்னா நீட்டுற ஸ்வரத்தைக் கேட்காதீங்க, ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல கேளுங்க. மனுஷக் குரல் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கித்தான் போகும். அந்த வழுக்கல் காணோம்னா இழுத்திருக்காங்க. இன்னொரு அடையாளம், சொல் முடிவுல மூச்சோட கலந்து வர்ற எழுத்துல ஒரு சின்னக் கரகரப்பு. மூச்சுல சுருதியே இல்ல, அதையும் ஸ்வரம்னு நினைச்சுக் கருவி இழுக்கும்போது அந்தச் சத்தம் வரும்.

ஜாலஹள்ளி ஜீவா

நான் இளசுங்க பக்கம் நின்னு பேசுறேன். வேணும்னே இழுக்குற ஆட்டோட்யூனும், மறைக்கப் போடுற ஆட்டோட்யூனும் ஒண்ணில்ல. ரேப்பர்கள் அதை கிட்டாருக்கு டிஸ்டார்ஷன் போடுற மாதிரிப் போடுறாங்க. அந்தக் குரல் அப்படித்தான் ஒலிக்கணும்னு முடிவெடுத்துப் பாடுறாங்க. கருவி எங்க குதிக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அதுக்கேத்த மாதிரி குரலை வளைச்சுக் கொடுக்குறதே ஒரு வித்தை. அதைப் போய் "பாடத் தெரியல"ன்னு சொல்றது தப்பு.

அதே மாதிரி, சத்தமாப் பாடினாத்தான் குரல்னு ஒரு எண்ணம் இருக்கு. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தன் முதல் ஆல்பத்தை 2019ல வெளியிட்டாங்க. அண்ணன் ஃபினியஸோட வீட்டுப் படுக்கையறையில பதிவு பண்ணது. 2020 கிராமியில பெரிய நாலு விருதும் அவங்களுக்கே வந்துது. காதுல ரகசியம் சொல்ற அளவுக்குத் தணிஞ்ச குரல், மைக்குக்கு ஒட்டி நின்னு பாடுறது. அந்த மாதிரி பாட ரொம்பக் கட்டுப்பாடு வேணும். மெதுவாப் பாடும்போது மூச்சு பிசகினாலும் எச்சில் விழுங்கினாலும் மைக் எடுத்துக் கொடுத்துடும். பின்னணியிலயும் இடம் விட்டிருப்பாங்க, அடுக்கி அடுக்கி நிரப்ப மாட்டாங்க. அல்சூர் அண்ணா சொல்ற "இடம்" இன்னைய பாப்லயும் இருக்கு. தேடிக் கேட்கணும்.

நம்ம பக்கம் 2021ல தீ, அறிவு பாடி சந்தோஷ் நாராயணன் இசையில வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைப் பாருங்க. ஒப்பாரி மரபை உள்ள கொண்டுவந்து, சினிமாவே இல்லாம உலகம் பூரா போச்சு. அறிவோட குரல்ல இருக்கிற சொரசொரப்பை யாரும் வழிச்சு எடுக்கல. அதுதான் அந்தப் பாட்டோட பலமே.

அல்சூர் ரசிகன்

ஜீவா, அருமையா சொன்னீங்க. நான் எதிர்க்கிறது மறைக்கப் போடுற வேலையை மட்டும்தான்.

ஒண்ணு கேட்கணும். ரீல்ஸ்ல வேகமா ஓட்டின பாட்டு நிறைய வருதே, அதுல குரல் குழந்தைக் குரல் மாதிரி ஆகுதே, அதையும் ரசிக்கிறீங்களா?

ஜாலஹள்ளி ஜீவா

ரசிக்கல. 1.2 மடங்கு வேகத்துல ஓட்டினா சுருதி மூணு அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலயே ஏறிடும். ஸா ஒண்ணரைக் கட்டை ஏறிப்போன கணக்கு. கூடவே தொண்டையோட அளவு சுருங்கின மாதிரி ஒலிக்கும், அதான் குழந்தைக் குரல். 0.8ல ஓட்டுற மெதுவான வடிவத்துல நாலு அரைஸ்வரம் கிட்ட இறங்கும். நாலு நிமிஷப் பாட்டை 1.2ல ஓட்டினா 3 நிமிஷம் 20 செகண்டுல முடிஞ்சுடும், நடன அசைவுக்கு வேகம் கிடைக்கும், பயன் அவ்வளவுதான். கம்பெனிகளே அதை அதிகாரபூர்வமா வெளியிடுறதுதான் வருத்தம்.

ஹெட்போன் பிரேசர் டவுன்

யாரும் சத்தத்தைத் தொடல, நான் தொடுறேன். என் பார்வையில நாலுலயும் பெரிய கேடு இதுதான்.

ஒரு பாட்டோட சராசரிச் சத்தத்தை எல்யூஎஃப்எஸ்னு ஒரு அலகுல அளக்குறாங்க. பூஜ்யத்துக்குக் கீழ மைனஸ்ல போகும், பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர சத்தம் ஜாஸ்தி. ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்புல எல்லாப் பாட்டையும் -14க்குக் கொண்டுவருது. ஆப்பிள் மியூசிக் -16. நம்ம ஆளுங்க இன்னும் -8க்கு மாஸ்டர் பண்ணி (கடைசி வடிவமா முடிச்சு) அனுப்புறாங்க, "அடுத்தவன் பாட்டை விட நம்ம பாட்டு அலறணும்"னு தயாரிப்பாளர் கேட்குறார்னு.

கணக்குப் போட்டுப் பாருங்க. -8 பாட்டோட உச்சம் -1 டெசிபெல்ல இருந்தா, சராசரிக்கும் உச்சத்துக்கும் நடுவுல இருக்கிற இடம் 7 டெசிபெல். செயலி அதை 6 டெசிபெல் இறக்கி -14க்குக் கொண்டுவந்ததும் உச்சம் -7க்குப் போயிடும். முதல்லயே -14ல மாஸ்டர் பண்ண பாட்டுக்கு உச்சம் -1லயே இருக்கும், உள்ள 13 டெசிபெல் இடம். ரெண்டும் ஒரே சத்தமா ஒலிக்கும். ஆனா தவில் அடி, கிக் டிரம், மிருதங்கத்தோட தொப்பி இதெல்லாம் ரெண்டாவது பாட்டுல 6 டெசிபெல் மேல எழும்பி வரும். முதல் பாட்டுல அதெல்லாம் அமுக்கப்பட்டு ஒரே தட்டையாக் கிடக்கும். அலறப் போட்ட பாட்டுதான் கடைசியில சப்புன்னு இருக்கும். குரலுக்கும் இதே கதிதான். தணிச்சுப் பாடின வரியும் உச்சத்துல பாடின வரியும் ஒரே அளவுல வந்து நிக்கும்.

செயலியோட பிளேபேக் அமைப்புல சத்தத்தைச் சமப்படுத்துற பொத்தான் இருக்கும், அதைப் போட்டு வையுங்க. தொண்ணூறுகள்ல வந்த ஒரு பாட்டையும் போன வருஷப் பாட்டையும் மாத்தி மாத்தி 20 செகண்டு கேளுங்க. பழைய பாட்டைத் தேடும்போது 'ரீமாஸ்டர்'னு போட்ட வடிவத்தை எடுக்காதீங்க, அதுல நிறையவும் அமுக்கினதுதான். யூட்யூப்ல சோதிச்சா இன்னொண்ணு கவனிக்கணும், அது சத்தமான பாட்டை இறக்கும், மெதுவான பாட்டை ஏத்தாது.

ரெண்டாம் சரணம்

இதை மிக்ஸ் பண்றவங்க தயாரிப்பாளர்கிட்ட எடுத்துச் சொல்ல முடியாதா?

மிக்ஸ் மேசை

சொல்லலாம். வெறும் வாயால சொன்னா எடுபடாது, ரெண்டு மாஸ்டரையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து பக்கத்துல பக்கத்துல போட்டுக் காட்டணும். சத்தத்தைச் சமப்படுத்தாம காட்டினா எப்பவும் அலறுறதுதான் ஜெயிக்கும், மனுஷக் காது அப்படி. இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கு. எஃப்எம், கார், டீக்கடை ஸ்பீக்கர், கல்யாண மண்டபம் இங்கெல்லாம் யாரும் சமப்படுத்துறதில்ல. அதுக்குப் பயந்துதான் அமுக்குறாங்க. -10, -11ல நிறுத்திக்கிட்டாலே ரெண்டு பக்கமும் ஓரளவு தாங்கும்.

கீபோர்டு கோரமங்கலா

மேடைக்கு வருவோம். 2025 பிப்ரவரி 8, 9ல இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் நம்ம மாதாவரா நைஸ் மைதானத்துல பாடினப்போ நடந்த விவாதம் ஞாபகம் இருக்கும். "ஒத்தை ஆள் நிக்கிறார், பத்துக் குரல் கேட்குது, இது ரெக்கார்டிங்தான்"னு எழுதினாங்க. அது லூப்பர், அங்கயே வாசிச்சதையும் பாடினதையும் பதிவு பண்ணித் திரும்பத் திரும்ப ஓட்டுற கருவி. கிட்டார்ல தட்டித் தாளம் பதிவு பண்ணி, அது மேல கார்டு, அது மேல தன் குரலே ரெண்டு மூணு அடுக்கு, எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி. பாட்டு முடிஞ்சதும் அழிச்சுடுவார்.

அதோட ஆபத்தே அதோட அழகும். முதல் லூப்போட முடிவுல காலால மிதிக்கிறது ஒரு துளி தாமதமானா, அந்தத் தாமதம் ஒவ்வொரு சுத்துலயும் திரும்பத் திரும்ப வரும், மேல போடுற எல்லா அடுக்கும் அதுலதான் உட்காரணும். அபஸ்வரம் ஒண்ணு பதிவாயிட்டா பாட்டு முடியுற வரை கூடவே வரும். இல்லைன்னா நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

ஜாலஹள்ளி ஜீவா

கே-பாப் குழுக்கள் பத்தி எல்லாரும் வாயசைப்புன்னே சொல்றாங்க. ஆடிக்கிட்டே பாடும்போது ஆதரவுக்கு, முன்னாடியே பதிவு பண்ண குரல் ட்ராக் ஓட்டுறது அங்க வழக்கம்தான். ஆனா கொரிய டிவி இசை நிகழ்ச்சிகள்ல ஜெயிச்ச குழு கடைசியில என்கோர்னு அதே பாட்டைத் திரும்பப் பாடுவாங்களே, அங்க குரல் ட்ராக் பெரும்பாலும் இருக்காது, ஆட்டமும் இருக்காது. குரலை எடை போட அதைப் பாருங்க. "பின்னணியை நீக்கின வீடியோ"ன்னு போடுறதை நம்பாதீங்க. குரலையும் இசையையும் பிரிக்கிற மென்பொருள், மைக்ல வந்த குரலையும் ட்ராக்ல வந்த குரலையும் ஒண்ணாத்தான் எடுத்துக் கொடுக்கும். அதை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது.

மிக்ஸ் மேசை

இதோட சேர்த்து இன்னொரு தப்பான சாட்சியையும் சொல்லிடுறேன். "திரையில வாயும் சத்தமும் ஒத்துப்போகல, அதனால வாயசைப்பு"ன்னு எழுதுறாங்க. ஒலி செகண்டுக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும். மேடையில இருந்து 70 மீட்டர் தள்ளி நின்னா, மேடை ஸ்பீக்கர் சத்தம் வர 0.2 செகண்டு. படம் உடனே வந்துடும். வாய் மூடின பிறகு சொல் கேட்குறது இயற்பியல். அதுக்காகவே மைதானத்து நடுவுல நடுகிற ஸ்பீக்கர் கோபுரத்துக்கும் அதே 0.2 செகண்டு தாமதம் கொடுத்து வைப்பாங்க. கொடுக்காம விட்டா ஒவ்வொரு சொல்லும் ரெண்டு தடவை கேட்கும்.

நேரடியாப் பாடுறாங்களான்னு பார்க்க நல்ல வழி மைக். பாடிக்கிட்டே மைக்கை வாயில இருந்து ஒரு சாண் தள்ளினா சத்தம் சட்டுனு விழணும், குரல் மெலிஞ்சு ஒலிக்கணும். தள்ளியும் அதே அளவுல கேட்டா ட்ராக். "ப" எழுத்துல காத்து மைக்ல மோதுற சத்தம் கொஞ்சமாவது வரணும். பல்லவியைக் கூட்டத்துக்கு விட்டுக்கொடுத்துட்டு மைக்கை நீட்டும்போது பின்னாடி அவரோட குரல் ஓடிக்கிட்டே இருக்கான்னும் கேளுங்க.

ஆனா ட்ராக் ஓட்டுறதே மோசடின்னு நான் சொல்ல மாட்டேன். முப்பது வயலினைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போக முடியாது. என் வருத்தம் வேற. டிரம்மரோட காதுல கிளிக் (தாளத்தை எண்ணிக் கொடுக்குற "டிக் டிக்" சத்தம்) ஓடுது, அதே கம்ப்யூட்டர்தான் விளக்கையும் திரையையும் ஓட்டுது. நாலாவது நிமிஷம் மூணாவது செகண்டுல நெருப்பு பீறிடணும்னு எழுதியாச்சு. பாடகருக்கு ஒரு வரி பிடிச்சுப் போய், கூட்டமும் ரசிக்குதேன்னு திரும்ப எடுக்க நினைச்சா முடியாது. சாமராஜபேட்டை ராமநவமிக் கச்சேரியில ஒரு வரியை நிரவல் பண்ணி, அதாவது வேற வேற விதமா விரிச்சுப் பாடி, அரைமணி நேரம் போகலாம். இங்க எட்டு மாத்திரை நீட்டக்கூட யாரையோ கேட்கணும். நல்ல குழுக்கள் பாட்டுக்கு நடுவுல ஒரு லூப் பகுதி வெச்சுடுவாங்க. பாடகர் கை காட்டுற வரை அது சுத்திக்கிட்டே இருக்கும், சைகை வந்ததும் ட்ராக் அடுத்த பகுதிக்குத் தாவும். இதைச் செய்ய பெரிய செலவில்ல, ஒத்திகை வேணும்.

ஸ்ரீராம்புரம் ரிதம்ஸ்

கோயில் திருவிழா, கல்யாண ஆர்கெஸ்ட்ராவுலயும் இப்ப லேப்டாப்தான். ஹெட்போன் துளையில இருந்து ஒரு ஸ்ப்ளிட் கேபிள், இடது பக்கம் கிளிக் டிரம்மருக்கு, வலது பக்கம் ட்ராக் மிக்ஸருக்கு. கேபிள் இடம் மாறினா ஊருக்கே "டிக் டிக்" கேட்கும். சார்ஜர் மாட்டினா ஸ்பீக்கர்ல ஒரு ரீங்காரம் வருதே, அதுக்கு என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.

மிக்ஸ் மேசை

சார்ஜர் வழியா வர்ற எர்த் லூப் அது அண்ணா. லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் வெச்ச டிஐ பாக்ஸ் போட்டு கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அமுக்குங்க, போயிடும். எஸ்.பி. ரோட்டுல கிடைக்கும். சார்ஜர் பிளக்கோட எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்கிடாதீங்க, மைக்கைத் தொடுறவருக்கு ஷாக் அடிக்கும். கேபிள்ல சிவப்பு டேப் ஒட்டி "கிளிக்"னு எழுதிடுங்க. லேப்டாப்ல ஸ்லீப், வைஃபை, நோட்டிஃபிகேஷன் மூணையும் அணைச்சுட்டு, ட்ராக்கை இன்னொரு போன்லயும் ஏத்தித் தயாரா வையுங்க.

வீணை வகுப்பு

செயற்கை நுண்ணறிவுக் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. 2024இல் லால் சலாம் படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான், அவர்களுடைய குடும்பத்தாரின் அனுமதி பெற்று, ஊதியமும் கொடுத்துப் பயன்படுத்தினார். அனுமதி பெற்றது முறையான செயல். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தில் வழக்கமாக வேறொருவர் பாட, அந்தப் பாட்டின் மேல் குரலின் நிறத்தை மட்டும் மாற்றுகிறார்கள். மூச்சு எடுக்கும் இடம், சங்கதி, சொல்லை அழுத்தும் விதம் எல்லாம் முதலில் பாடியவருடையவை. அவருடைய பெயரும் பட்டியலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கோரிக்கை.

அல்சூர் ரசிகன்

முழுசா வழிமொழியறேன் அம்மா. பெரிய பாடகருக்கு முன்னாடி மாதிரிக்குப் பாடிக் கொடுக்குற ட்ராக் சிங்கர்கள் ஏற்கெனவே பேரில்லாமப் போனவங்க. இது அவங்களை இன்னும் மறைச்சுடும்.

ஹெட்போன் பிரேசர் டவுன்

நைஸ் மைதானத்துல அடுத்து எந்த நிகழ்ச்சி வந்தாலும் எங்க நிக்கிறதுன்னு கேட்டுத் தனியா நாலு பேர் எழுதியிருக்காங்க. மேடைக்கு ஒட்டி நிக்காதீங்க. அங்க சப்வூஃபர்தான் கேட்கும், குரல் தலைக்கு மேல போயிடும். மைதானத்து நடுவுல தார்ப்பாய் போட்ட ஒலிக் கட்டுப்பாட்டு மேடை இருக்கும். மிக்ஸ் பண்றவர் கேட்டு முடிவெடுக்கிற சத்தம் அங்க கேட்குறதுதான், அதனால அதுக்குப் பத்தடி முன்னாடி நில்லுங்க. காத்து அடிச்சா ஓரத்துல நிக்கிறவங்களுக்கு மேல்ஸ்தாயி சத்தம் வந்து வந்து போகும், நடுவுல அவ்வளவு தெரியாது.

காதுக்கு ஏதாவது எடுத்துட்டுப் போங்க. 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம்னா, ஒவ்வொரு 3 டெசிபெல் ஏத்தத்துக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்ல 15 நிமிஷம்தான். நிகழ்ச்சி ரெண்டு மணி நேரம் நடக்கும். பஞ்சு மாதிரி இருக்கிற நுரை அடைப்பான் மேல்ஸ்தாயியை அதிகம் வெட்டும், பாட்டு போர்வைக்குள்ள இருந்து கேட்குற மாதிரி இருக்கும். இசைக்காரங்களுக்குன்னு 15 டெசிபெல் சமமாக் குறைக்கிற அடைப்பான் வாங்கினா குரல் தெளிவா இருக்கும். நுரையே போடுறதா இருந்தா, விரலால உருட்டி மெலிசாக்கி, இன்னொரு கையால காதை மேலயும் பின்னாடியும் இழுத்து உள்ள விட்டு, விரியுற வரை 30 செகண்டு அமுக்கிப் பிடிங்க. பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா போட்டும் பயனில்ல.

ரெண்டாம் சரணம்

சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா? என் அக்கா பொண்ணுக்கு ஆறு வயசு, அடம் பிடிக்கிறா.

ஹெட்போன் பிரேசர் டவுன்

போகலாம்ணா. குழந்தைக் காதுக்கு நுரை அடைப்பான் சரியா நிக்காது, தலைக்கு மேல மாட்டுற இயர்மஃப் வாங்குங்க, வீட்டுலயே ரெண்டு நாள் போட்டுப் பழக்குங்க, இல்லைன்னா அங்க கழட்டிப் போட்டுடுவா. பின்பக்கம், ஸ்பீக்கர் கோபுரத்துக்கு நேரா இல்லாத இடமா நில்லுங்க. திறந்தவெளியில ராத்திரி 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தணும்னு விதி இருக்கு. அதனால கடைசி ரெண்டு பாட்டுக்கு முன்னாடியே கிளம்பி மாதாவரா மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்துடுங்க, கூட்டம் மொத்தமா வந்தா குழந்தையோட படிக்கட்டு ஏற முடியாது.